இருநூற்றுப் பதினான்காம் தாள்

காப்பிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ரோஹானா. பால் ஊற்றாமல் கொண்டுவரச் சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி. ஆறிப்போன பாலின் மேல் ஆடை படிந்து, கோப்பையை அசைத்தால் அது சுருங்கிக்கொண்டு ஓரத்தில் ஒட்டும் பாருங்கள், அதை என்னால் பார்க்கவே முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வழவழவென்று இருக்கும் எதுவும் எனக்கு ஆகாது. வெண்டைக்காய், முட்டையின் வெள்ளைக்கரு, அடுத்தவர் குளித்துவிட்டு வந்த குளியலறைத் தரை, எதுவும்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் பேனா கொடுத்தீர்கள், நான் பென்சில் கேட்டேன். இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று உங்கள் கான்ஸ்டபிள் என்னை முறைத்துப் பார்த்தார். தந்திரம் ஒன்றும் இல்லை. எங்கள் வேலையில் மை உதவாது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் மை கரைந்து ஓடிவிடும். பென்சில் எழுத்து நூறு வருடம் நிற்கும். எழுதியதை அழித்து மாற்றுகிற பழக்கமும் எனக்கு இல்லை.

பாசியைக் கண்டாலே குமட்டுகிறவள் கல்லூரியின் பாசி அறையில் இருபத்தேழு வருடம் எப்படிக் காலம் தள்ளினாய் என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்த அறைக்கு வரும்போது பாசி பாசியாக இருப்பதில்லை என்பதுதான் பதில். கடலிலிருந்து எடுத்ததை ஒரு தட்டுத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அடியில் கனமான வெள்ளைத் தாளை நுழைத்து, ஊசியால் கிளைகளைப் பிரித்து விரித்து, தாளோடு மெல்லத் தூக்குவார்கள். மேலே மெல்லிய துணி, அதன்மேல் பழைய செய்தித்தாள், அதன்மேல் பலகை. நான்கைந்து நாளில் அது தன் பசையாலேயே தாளில் ஒட்டிக் காய்ந்துவிடும். இந்த ஈரவேலை முழுவதையும் பாசி பொறுக்கப் போகிறவர்தான் செய்ய வேண்டும். காய்ந்த தாள் மட்டும் என் மேசைக்கு வரும். நாற்றம் இல்லை, ஈரம் இல்லை, யாரோ சிவப்பு மையால் பொறுமையாக வரைந்த படம்போல இருக்கும். நான் பூதக்கண்ணாடியை எடுத்து, புத்தகங்களைப் பிரித்து, அதன் பெயரைக் கண்டுபிடித்து எழுதுவேன்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு ஒட்டுவோம். பாசியின் பெயர், இடம், நாள். அதன் கீழே இரண்டு வரி. சேகரித்தவர், அடையாளம் கண்டவர். சேகரித்தவர்கள் வருவார்கள், போவார்கள். எங்கள் சிவப்புப் பாசித் தாள்கள் முந்நூற்று நாற்பதிலும் இரண்டாவது வரியில் ஒரே பெயர்தான், ரமணி. எஸ்.டி.பி.எம். பள்ளித் தேர்வு முடித்துவிட்டு உதவியாளராக வந்து சேர்ந்தவள் நான். பட்டம் கிடையாது. பேராசிரியர்கள் என் மேசைக்கு வந்து, “ரமணி, இது என்ன?” என்று கேட்பார்கள். நான் சொல்வேன். பெயருக்கு ஆசைப்பட்டவள் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஈரவேலை பக்கத்து அறையில்தான் நடக்கும் என்றாலும் நாற்றத்துக்குக் கதவு தெரியாதல்லவா. சேறும் செத்த நண்டும் அழுகிய இலையும் கலந்து ஒரு நாற்றம் தரையோடு ஊர்ந்து வரும். அதற்காக முதல் வாரத்திலிருந்தே மூக்குக்குக் கீழே கோடாலித் தைலம் தடவிக்கொள்வேன். காலையில் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை. என் பையிலிருந்து நீங்கள் எடுத்து வைத்திருக்கும் காலிப் புட்டி அதுதான். விஷம் எதுவும் இல்லை.

இப்போது அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஜெலுத்தோங் கரைக்கு எதிரே, நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் மணல்திட்டிலிருந்து ஒரு சிவப்புப் பாசி வந்தது. கோழிக்குஞ்சின் இறகு மாதிரி மெத்தென்று, ரோஜாச் சிவப்பில், அவ்வளவு அழகு. மூன்று நாள் புத்தகங்களோடு உட்கார்ந்து, டாசியா என்ற இனம் என்று எழுதினேன். அதுதான் இருநூற்றுப் பதினான்காம் தாள். கல்லூரி வெளியிட்ட கையேட்டின் அட்டையில் அதன் படம்தான் வந்தது. வராந்தாவில் தொங்கும் பெரிய சுவரொட்டியிலும் அதுதான். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என் பெயர். அச்சில் என் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

கோகிலன் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தான். அதற்கு முன் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. பட்டறை மூடியதும் பாசி பொறுக்கும் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். முப்பத்தாறு வயது. மனைவி துளசி, ஆறு வயதில் ஒரு மகள். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் என் புளோக்குக்கு எதிர் புளோக்கில்தான் வீடு. நல்லவன் என்று எல்லாரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். அவர்கள் யாரும் அவனோடு ஓர் அறையில் உட்கார்ந்து வேலை செய்யவில்லை.

சேற்றுப் பூட்சோடு நேராக என் அறைக்குள் வருவான். கோணிப்பையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டும், நான் துடைத்து வைத்த தரையில் அவன் நடந்த வழி தெரியும். பாசி பிடித்த கையை முழுக்கால் சட்டையில் இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு அதே கையால் ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் போடுவான். நகக்கண்ணில் எப்போதும் பச்சையாக ஏதாவது இருக்கும். எந்தப் பாசியைப் பார்த்தாலும் முதலில் மோந்து பார்ப்பான், அப்புறம் ஒரு நுனியைக் கடித்து மெல்லுவான். மென்றதைத் துப்ப என் குப்பைத்தொட்டிதான் கிடைக்கும். ஒரு நாள் அவன் பல்லிடுக்கில் சிவப்பாக ஓர் இழை தொங்கியபடி என்னோடு பேசிக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் மூன்று வருடம் பொறுத்துக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள், கடல் தண்ணீர் நிறைந்த ஒரு பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான். தாள்களின் பக்கத்திலேயே வைத்தான்.

“அக்கா, இது டாசியா இல்லக்கா.”

நான் நிமிரவில்லை. “எது?”

“இந்தச் செவப்பு எறகு. நம்ம எரநூத்திப் பதினாலு. கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு. மோந்து பாத்தா கிளினிக்குல புண்ணுக்குப் போடுவாங்களே அயோடின் மருந்து, அதே வாசம் லா. கடிச்சும் பாத்துட்டேன், நாக்கு சுருக்குங்குது. டாசியாவுக்கு இப்படி வராது. இது அஸ்பராகோப்சிஸ்.”

“தாளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கேன்.”

“காய்ஞ்சா வாசம் போயிடும்க்கா, அதான் தெரியல. அந்தத் தைலத்தத் தொடச்சிட்டு ஒரு தடவ மோந்து பாருங்க. சும்மா ஒரே தடவ.”

சொல்லிக்கொண்டே அதை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினான். தண்ணீரில் இறகாக இருந்தது, வெளியே வந்ததும் நைந்து தொங்கியது. அவன் விரல் வழியாக வழிந்து ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஸ்பெக்டர், அந்தச் சொட்டை நான் நான்கு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். இதை எழுதும்போதும் அந்த இடம் எனக்குத் தெரிகிறது.

அன்று வேலை முடிந்து அவன் போனபிறகு இருநூற்றுப் பதினான்காம் தாளிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். அவன் சொன்னது ஒருவேளை சரியாக இருக்கலாம் என்று பட்டது. ஒருவேளைதான். அதைக் குறித்து வைக்கும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை எங்கள் சிவப்புப் பாசித் தாள்களைச் சரிபார்க்க வர இருந்தார். ஒரு தாள் தப்பு என்றால் ஒரு தாளோடு விடமாட்டார்கள். மூக்கில் தைலத்தைத் தடவிக்கொண்டு இவள் இத்தனை வருடம் எழுதிய மற்றவை எப்படி என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். முந்நூற்று நாற்பதையும் பிரிப்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும்.

அவன் மேலதிகாரியிடம் போய்ப் போட்டுக்கொடுத்திருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அது மனிதர்கள் செய்கிற காரியம், எனக்குப் புரியும். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் ஒரு பொட்டலம் பீசாங் கோரெங் வாங்கிக்கொண்டு வந்தான். பொரித்த வாழைப்பழம், எண்ணெய் ஊறிய காகிதம். கதவைச் சாத்திவிட்டு, ஏதோ எனக்குத் தீராத வியாதி வந்ததுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லல. துளசிகிட்டகூட சொல்லல. அந்தப் பேராசிரியை வர்றதுக்கு முன்னாடி நீங்களே புதுத் தாள் போட்டு வச்சிடுங்க, முடிஞ்சிச்சு. என் பேரே வேணாம். மனுசன்னா தப்பு வரும்தானேக்கா. சாப்பிடுங்க, சூடா இருக்கு.”

எண்ணெய்க் கையை ஆறுதலாக மேசையில் வைத்தான். அந்தக் கைக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. ஓரத்தில் நான்கு விரலும் பதிந்துவிட்டது. அவன் கவனிக்கவே இல்லை. அவன் என்மேல் பரிதாபப்பட்டான், இன்ஸ்பெக்டர். பல்லில் பாசி தொங்க நிற்கிறவன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த அருவருப்பைச் சொல்ல எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் போதாது.

நான் பொறுமையாகத்தான் பேசினேன். “கரையில் ஒதுங்கியதை வைத்துப் பெயரை மாற்ற முடியாது. அடி வேண்டும். சிப்பி ஓட்டைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து போகிற அடித்தண்டு இருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். திட்டில் இறங்கி, ஓட்டோடு பெயர்த்துக் கொண்டுவா.”

இது சரியான பேச்சு. எந்த நிபுணரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார்.

“போலே, செஞ்சிடலாம்” என்றான். “நாளைக்கே போயிட்டு வந்துர்றேன்.”

“நாளைக்குப் படகு இல்லை. திங்கட்கிழமை போ.”

நீர்மட்ட அட்டவணை பார்த்து நாள் குறிப்பது என் வேலை. எந்த நாள், எத்தனை மணிக்குத் திட்டு வெளியே தெரியும், படகு எப்போது விட வேண்டும், எப்போது திரும்ப எடுக்க வேண்டும், எல்லாம் நான் சொல்கிறபடிதான். நீர் வற்றினால் படகு தரை தட்டும் என்பதால் வாடகைப் படகுக்காரர் சிக்கந்தர் ஆளை இறக்கிவிட்டுப் போய்விடுவார், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வருவார். சனிக்கிழமை திட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தெரிந்திருக்கும். ஞாயிறும் பரவாயில்லை. திங்கட்கிழமை ஏழே முக்காலிலிருந்து எட்டரை வரைக்கும், அதுவும் நடுப்பகுதி மட்டும். சிப்பி பொறுக்க வருகிற ஆட்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. அப்படிப்பட்ட நாளில் அவர்களில் ஒருவரும் திட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

கோகிலனுக்கு அட்டவணை பார்க்கத் தெரியாது. கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தடவை கேட்டான். அந்தக் கையால் என் அட்டவணையைத் தொடுவான் என்பதால் நான் கற்றுக்கொடுக்கவில்லை. நீந்தவும் தெரியாது. மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டால் குனிய முடியவில்லை என்று எப்போதும் படகிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவான். ஆரம்பத்தில் கண்டித்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். கைப்பேசி விஷயமும் அப்படித்தான். இரண்டு கைப்பேசி கடல் தண்ணீரில் போனபிறகு, கடலுக்குப் போகிறவர்கள் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று போன வருடம் ஒரு விதி போட்டேன். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஏதாவது என்றால் சிக்கந்தரிடம் கைப்பேசி இருக்கிறது, என்ன குறை என்றுதான் அன்று நினைத்தேன்.

பதினேழாம் தேதி காலை ஆறரைக்குக் கோகிலன் அறைக்கு வந்தான். கைப்பேசியை நான் விரித்து வைத்திருந்த செய்தித்தாள்மேல் வைத்தான். அவனுக்கென்று தனியாக ஒரு செய்தித்தாள் வைத்திருப்பேன்.

“எத்தன மணிக்குக்கா தண்ணி திரும்பும்?”

“ஒன்பதரைக்குப் படகு வரும்” என்றேன்.

அவன் ஒன்று கேட்டான், நான் வேறொன்றைச் சொன்னேன். அவன் திரும்பக் கேட்கவில்லை. கதவருகே நின்று, “அடியோட கொண்டு வர்றேன்க்கா, கவலப்படாதீங்க” என்றான். யாருக்குக் கவலை என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு நாற்பதுக்கு அவனை இறக்கிவிட்டதாகச் சிக்கந்தர் குறுஞ்செய்தி போட்டார். நான் பதில் எழுதினேன். அது உங்களிடம் இருக்கிறது. ‘திரும்ப ஏற்றக் கல்லூரிப் படகு வருகிறது, நீங்கள் வர வேண்டாம்.’ கல்லூரிப் படகு இரண்டு மாதமாகப் பட்டறையில் கிடக்கிறது, அது சிக்கந்தருக்குத் தெரியாது. அவர் உடனே அழைத்தார்.

“அக்கா, இன்னிக்குத் தண்ணி சீக்கிரம் ஏறிடும். ஒங்க போட்டு கண்டிப்பா வருமா? இல்லாட்டி நானே நிக்கிறேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

“வரும். நீங்க போங்க.”

“சரிக்கா. ஜெரஜாக் தீவுப் பக்கம் மீன் புடிக்கிற ஆளுங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, போயிடுறேன்.”

சிக்கந்தர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் அழைத்தே கேட்டார். ஒவ்வொரு நோன்புக்கும் அவர் மனைவி சித்தி ஹாஜரா கடல்பாசி காய்ச்சி, பால் விட்டு, துண்டு போட்டு எனக்கென்று டப்பாவில் அனுப்புவார். டப்பாவைத் திறக்காமலே தூரப் போட்டுவிடுவேன். அதைத் தவிர அந்தக் குடும்பத்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்தது இல்லை.

அதற்கப்புறம் நான் வேலை பார்த்தேன். முந்தின வாரத் தாள்களுக்குச் சீட்டு எழுத வேண்டியிருந்தது. எட்டு நாற்பதுக்குக் கோகிலனின் கைப்பேசி நடுங்கியது. திரையில் துளசி என்று வந்தது. நின்றது, மறுபடி நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் காய்ச்சல், போய்க் கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை என்பதற்காக அழைத்தாள் என்று பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன், அந்தத் திரை முழுக்க அவன் விரல் பிசுக்கு.

பதினோரு தடவை அழைத்தாள். சத்தம் பொறுக்காமல் பாசிமேல் போடுகிற துணியை எடுத்து அதன்மேல் போட்டேன். துணிக்கு மேல் செய்தித்தாள், செய்தித்தாளுக்கு மேல் பலகை. அப்படியும் அந்த நடுக்கம் மேசை வழியாக என் முழங்கைக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். அதிகம் நினைக்கவில்லை. எட்டரைக்குத் திட்டு மூழ்கும், ஒன்பதுக்கு இடுப்பு, அப்புறம் அவன் உயரத்தைப் பொறுத்தது என்று கணக்கு தெரியும். மற்றபடி, அவன் கைகள் இப்போது சுத்தமாக இருக்கும் என்று ஒரு தடவை தோன்றியது.

புட்டியிலிருந்த தைலம் முழுவதும் அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டது. ஏன் அவ்வளவு தடவினேன் என்று தெரியவில்லை. அன்று பக்கத்து அறையில் ஈரமாக ஒன்றுமே இல்லை.

நான் மாட்டிக்கொண்டது என் ஒழுங்கினால்தான். எங்கள் மாதிரிப் பதிவேட்டில் ஒவ்வொரு வரவையும் நேரம் போட்டு எழுத வேண்டும். வராவிட்டால் வரவில்லை என்று எழுத வேண்டும். அன்றைய கட்டம் காலியாக இருந்தது கண்ணை உறுத்தியது. ‘மாதிரி வரவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் நேரமும் போட்டேன், காலை 9.10. படகு வர வேண்டிய நேரமே ஒன்பதரை. இருபது நிமிடம் முன்னாலேயே எப்படித் தெரியும் என்று அந்தக் கட்டத்தின்மேல் நீங்கள் விரலை வைத்தீர்கள். தவறான நேரத்தை எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். பொய்யாக ஒரு நேரத்தை எழுத எனக்குக் கை வராது.

பன்னிரண்டு மணிக்கு, கோகிலன் இன்னும் திரும்பவில்லை என்று நான்தான் போலீசுக்குச் சொன்னேன். மறுநாள் கரையோரச் சதுப்பு மரங்களின் பக்கம் அவன் கிடைத்தான். துளசி கல்லூரிக்கு வந்தாள். வராந்தாவில், அந்தச் சுவரொட்டிக்குக் கீழே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அவருக்கு ஒங்க மேல ரொம்ப மரியாத. வீட்டுக்கு வந்தா ஒங்க பேச்சுத்தான். அக்கா மாதிரிப் பேர் சொல்ல இந்த ஊர்ல ஆளே இல்லன்னு சொல்லுவாரு.”

அவள் உள்ளங்கை முழுக்க ஈரம். அவள் போனபிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். அவள் பார்க்கும்போது துடைக்கவில்லை.

புதன்கிழமை பேராசிரியை வரவில்லை. இப்படி ஒரு துக்கம் நடந்திருக்கும்போது சரிபார்ப்பு வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். நீங்கள்தான் வந்தீர்கள், கையில் ஒரு பையோடு. கோகிலனின் சட்டைக்கு உள்ளே, வயிற்றோடு சேர்த்து, நைலான் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்ததாகச் சொன்னீர்கள். இது என்ன என்று கேட்டு, நான் புட்டியைத் தேடுவதற்குள் என் மூக்குக்கு நேரே பையைப் பிரித்துவிட்டீர்கள்.

உள்ளே ஈரத்துணியில் சுற்றி, துணிக்குள் மூன்று சிப்பி ஓடு. ஒவ்வொன்றிலும் சிவப்பு இறகு நிமிர்ந்து நின்றது. அடித்தண்டு ஓட்டைப் பற்றியபடி முழுதாக இருந்தது. ஒரு கிளை முறியவில்லை. தண்ணீர் ஏறும்போது இதை இத்தனை பதமாகச் சுற்றியிருக்கிறான், எனக்காக. அப்புறம் அந்த வாசம் வந்தது. அழுகலையும் சேற்றையும் தள்ளிக்கொண்டு, சுத்தமான அயோடின் மருந்து வாசம். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பாசியை மோந்தேன். சந்தேகத்துக்கே இடம் இல்லை. ஒரு நிமிட வேலை.

நான் உங்களிடம் டாசியா என்று சொன்னேன். அதுவும் பொய். கணக்குக்கு, சிக்கந்தருக்குச் சொன்னது ஒன்று, உங்களுக்குச் சொன்னது ஒன்று. இப்போது இரண்டையும் திருத்திவிட்டேன். கோகிலனை அந்தத் திட்டில் சாகும்படி விட்டது நான்தான். நாள் பார்த்து, நேரம் பார்த்து, தெரிந்தே செய்தேன். ஏன் என்றால் அவனை எனக்குச் சகிக்கவில்லை. அவன் கை, அவன் வாய், அவன் நடந்த வழியெல்லாம் சொட்டிய தண்ணீர், எதையும் சகிக்கவில்லை. ஒரு தாளுக்காக, ஒரு பெயருக்காக ஒரு மனிதனைக் கொல்லுவார்களா என்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். மாட்டார்கள். நானும் அப்படிப்பட்டவள் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பையைச் சாட்சிப் பொருளென்று ஓர் அலமாரியில் போட்டுப் பூட்டாதீர்கள், இரண்டு நாளில் குழைந்துவிடும். யாரையாவது விட்டு இன்றே தாளில் ஏற்றச் சொல்லுங்கள். பழைய இருநூற்றுப் பதினான்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கட்டும். பெயர் அஸ்பராகோப்சிஸ். இடம் ஜெலுத்தோங் எதிர்த்திட்டு. நாள் பதினேழு. சேகரித்தவர் கோகிலன். அவனுக்குச் சேர வேண்டியதை நான் மறுக்கவில்லை. அதற்கு அடுத்த வரியில், அடையாளம் கண்டவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதச் சொல்லுங்கள். பென்சிலில்.